காளத்தியின் வண்ணத் தெருக்கள்

திருப்பதி செல்லும் நம்மவர் காளத்திக்கும் சென்று, கண்ணப்பரை நினைந்து தொழுது திரும்புகிறோம். அங்கே கலம்காரித் தொழிலாளர் வாழும் தெருக்களை நாம் காண்பதில்லை. அத்தெருக்களுக்கென ஒரு மரபு நடை அமையுமாயின், அது துணி செல்லும் வழியே செல்லவேண்டும் என்பது எம் கருத்து.

முதலில் துணியைக் கடுக்காய்ச் சாறும் எருமைப்பாலும் கலந்து நனைத்து உலர்த்துகின்றனர். பாலின் கொழுப்பு மை பரவாமல் காக்கிறது. இரும்பும் வெல்லமும் ஊறிய நீரை மூங்கில் எழுதுகோலால் தீட்ட, கடுக்காயின் துவர்ப்போடு கூடி அது கறுப்பாகிறது. படிகாரம் இட்ட இடத்தில் சிவப்புப் பற்றுகிறது. பின்னர் ஓடும் நீரில் அலசவேண்டும். ஆகவே, பொன்முகலி ஆறும் இத்தொழிற்கூடத்தின் ஓர் உறுப்பே. ஆறு வறண்டால் தொழில் தடுமாறும்.

நலிந்திருந்த இக்கலைக்குக் கமலாதேவி சட்டோபாத்யாயாவின் முயற்சியால் 1950களின் பிற்பகுதியில் பயிற்சிப் பள்ளி ஏற்பட்டது. இவ்வூர்க் கலைஞர் குரப்ப செட்டி 2008இல் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

எனினும், அச்சிட்ட போலித் துணிகள் மலிந்துவிட்டன. பெயர்ப்பலகை நாட்டுவதால் மட்டும் தொழில் பிழைக்காது. நடையின் முடிவில், கையால் எழுதிய துணி ஒன்றேனும் வாங்குவோமாயின், அதுவே அத்தெருவுக்கு நாம் செய்யும் சிறப்பாகும்.