மூட்டு வலியும் வயிறும் நுரையீரலும்



நம் வீட்டு உம்மாமார்கள் பலர் காலையில் எழுந்ததும் விரல்களை மடக்க முடியாமல் வெகுநேரம் சிரமப்படுகிறார்கள். "வயசானா வரத்தான் செய்யும்" என்று நாமும் விட்டுவிடுகிறோம். அது முடக்குவாதமாக இருக்கலாம். உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே மூட்டுகளைத் தாக்கும் நோய் அது. ஆண்களைவிடப் பெண்களுக்கு 2 முதல் 3 மடங்கு அதிகமாக வருகிறது. இளம் வயதிலும் வரும்.

இந்த நோயாளிகள் மூட்டை மட்டும் கவனித்தால் போதாது. வயிற்றையும் நுரையீரலையும் கவனிக்க வேண்டும்.

முதலில் வயிறு. ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமி பெரும்பாலும் சிறு வயதிலேயே இரைப்பையில் குடியேறிவிடுகிறது. பலருக்கு எந்தத் தொந்தரவும் தருவதில்லை. சிலருக்குப் புண்ணை உண்டாக்குகிறது. 1982-இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் இதைக் கண்டறிந்த ராபின் வாரன், பாரி மார்ஷல் இருவரும் 2005-இல் நோபல் பரிசு பெற்றார்கள்.

இந்தக் கிருமி இருப்பவர் வலி மாத்திரையும் தொடர்ந்து சாப்பிட்டால் புண்ணும் இரத்தக் கசிவும் வரும் ஆபத்து மிகவும் கூடுகிறது. மெடிக்கலில் நாமாகவே டைக்ளோஃபெனாக் வாங்கிக் கொடுப்பதை நிறுத்துவோம். மலம் தார்போல் கறுத்துப் போனாலோ, இரத்த வாந்தி எடுத்தாலோ உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

மூச்சுப் பரிசோதனை, மலப் பரிசோதனை, எண்டோஸ்கோப்பி ஆகியவற்றில் கிருமி தெரியும். அமில மாத்திரையோ ஆன்டிபயாடிக்கோ சாப்பிடுகிறவர் அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் கிருமி இருந்தும் இல்லை என்று முடிவு வரலாம். சிகிச்சை பொதுவாக 14 நாள். வலி குறைந்ததும் பாதியில் விட்டால் கிருமி மிஞ்சிவிடும்.

அடுத்து நுரையீரல். முடக்குவாதம் உள்ள சிலருக்கு நுரையீரல் தழும்பேறி இறுகிப் போகிறது. சளியில்லாத வறட்டு இருமலும், மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவதும் அதன் அடையாளங்கள். "அடுப்புப் புகையால் வந்த இருமல்" என்று நாள் கடத்தக் கூடாது. தழும்பான பகுதி பழைய நிலைக்குத் திரும்பாது. சி.டி. ஸ்கேனிலும் மூச்சுத்திறன் சோதனையிலும் முன்கூட்டியே கண்டால், மேலும் பரவாமல் தடுக்க வழியுண்டு. பீடி, சிகரெட் இந்த ஆபத்தைக் கூட்டுகின்றன.

வயிற்றுக் கிருமிக்கும் இந்த நுரையீரல் நோய்க்கும் தொடர்புண்டா என்பதை ஆய்வாளர்கள் ஆராய்ந்து வருகிறார்கள். ஒன்றால்தான் மற்றொன்று வருகிறது என்று நிரூபணமாகவில்லை. ஆகவே "கிருமியை அழித்தால் முடக்குவாதமே போய்விடும்" என்று யாராவது சொன்னால் நம்பி, மூட்டு மருந்தை நிறுத்திவிடாதீர்கள்.

நோன்பு நோற்பவர்கள் மாத்திரை நேரத்தைத் தாமாக மாற்றாமல், ரமளானுக்கு முன்பே மருத்துவரிடம் கேட்டு வைப்பது நல்லது.

நம் வீட்டுப் பெண்கள் தங்கள் வலியைச் சொல்லத் தயங்குவார்கள். நாம்தான் கேட்க வேண்டும்: வயிறு எரிகிறதா? இருமல் எத்தனை நாளாக இருக்கிறது? அடுத்த முறை மூட்டு மருத்துவரிடம் போகும்போது இந்த இரண்டையும் மறக்காமல் சொல்லுங்கள்.