இளநீருக்கு முன் ஒரு கேள்வி
(ஜும்ஆவுக்குப் பின் ட்ரஸ்ட் செயலாளர் ஆற்றிய உரை)





நோயாளியை நலம் விசாரிப்பது சுன்னத். போகும்போது இளநீர் வாங்கிப் போகிறோம். அன்பில் குறையில்லை. ஆனால் 100 மில்லி இளநீரில் சுமார் 200 மில்லிகிராம் பொட்டாசியம் உண்டு. பழுதான கிட்னி அதைச் சரியாக வெளியேற்றாது. இரத்தத்தில் அளவு மீறினால் இதயத் துடிப்பே நின்றுவிடலாம். ஆரஞ்சு, சாத்துக்குடி ஜூஸிலும் பொட்டாசியம் உண்டு. கோலாவில் பாஸ்பரஸ் இருக்கிறது. உப்பு மோர் தாகத்தைக் கூட்டும்.

"தண்ணீர் நிறையக் குடியுங்கள்" என்பது கல் உள்ளவருக்குச் சொல்வது. டயாலிசிஸ் செய்பவருக்கு டாக்டர் சொன்ன அளவுதான். 1 லிட்டர் உடம்பில் தங்கினால் எடை 1 கிலோ கூடும். கால் வீங்கும், மூச்சு வாங்கும்.

காலையிலேயே அந்த அளவை ஒரு பாட்டிலில் பிடித்து வையுங்கள். டீயோ கஞ்சியோ ரசமோ குடித்தால், அதே அளவு தண்ணீரைப் பாட்டிலிலிருந்து எடுத்துவிடுங்கள். ஜம்ஜமும் இந்தக் கணக்கில்தான் சேரும். பரக்கத்துக்கு ஒரு மிடறு போதும். சின்ன டம்ளரில் ஊற்றினால் மனம் நிறையும்.

விருந்திலும் இஃப்தாரிலும் "ஒரு வாய் குடிங்க" என்று வற்புறுத்தாதீர்கள். அவர் மறுப்பது மரியாதைக் குறைவல்ல. நோயாளிக்கு நோன்பிலேயே சலுகை தந்த மார்க்கம் நம்முடையது. சர்பத்தில் நாம் சலுகை தரக்கூடாதா? கொடுக்கும் முன், "டாக்டர் எதைக் குடிக்கச் சொன்னார்?" என்று கேளுங்கள்.

அல்லாஹ் நோயாளிகள் அனைவருக்கும் பூரண ஷிஃபாவைத் தருவானாக. ஆமீன்.