வழிச்செலவு எவருடையது?

(திருவரங்கம் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)

திருச்சியிலிருந்து காவிரிப் பாலம் கடந்து நான் இங்கு வர, வழிச்செலவு தந்தது கட்சி. அதை அறிந்தே என் சொல்லை எடைபோடுகிறீர்கள்.

1999 ஜூனில், மைக்ரோசாஃப்ட் மீதான ஏகபோக வழக்கைச் சாடி, 240 கல்வியாளர்கள் ஒப்பமிட்ட முழுப்பக்க விளம்பரம் நியூயார்க் டைம்ஸ் ஏட்டில் வெளிவந்தது. வெளியிட்டதோ, பெயரிலேயே ‘சுயேச்சை’ சூடிய ஆய்வுக் கழகம்! செப்டம்பரில் அதே ஏடு அம்பலப்படுத்திற்று: விளம்பரச் செலவை ஏற்றது மைக்ரோசாஃப்ட்!

அறிஞர்கள் விலைபோயினர் என்று நான் பழிக்கவில்லை, மறைத்ததைத்தான் பழிக்கிறேன்.

2022-ல் இந்தியப் போட்டி ஆணையம் கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் தண்டம் விதித்தது. இத்தகைய நிறுவனங்களுக்காகப் பரிந்து பேச எவரும் வரட்டும், கேட்போம். ஆனால், வழிச்செலவு எவருடையது என்று முதலில் வினவுவோம். விடை கூறாத வாய்க்கு நம் செவி எதற்கு?