நோவும் நினைவும்



ஊரைவிட்டுப் பிழைப்பை நாடி வந்த நம்மில் பலரை முதுகுவலி, மூட்டுவலி, ஒற்றைத் தலைவலி போன்றவை ஆண்டுக்கணக்கில் வருத்துகின்றன. மூன்று மாதங்களுக்கு மேல் நீடிப்பதை மருத்துவர்கள் நாட்பட்ட வலி என்பர். காயம் ஆறிய பின்னும் வலி ஆறாமல் நிற்பதுண்டு. நள்ளிரவில் அது எழும்போது, ‘எங்கே நோகிறது?’ என்று நம் மொழியில் கேட்பார் அருகில் இரார்.

மனத்தின் நிலைக்கேற்ப வலி மிகும், தணியும். 1965ஆம் ஆண்டில் மெல்சாக், வால் என்னும் அறிஞர் இருவர், தண்டுவடத்தில் வாயில் போன்றதோர் அமைப்பு உண்டென்றும், மூளையிலிருந்து வரும் செய்திகள் அதனைத் திறக்கவும் சாத்தவும் வல்லவை என்றும் விளக்கினர். அக்கொள்கையின் நுட்பங்கள் பின்னர்த் திருத்தம் பெற்றன; அடிப்படை நிலைத்தது. அச்சம் வலியை வளர்க்கிறது. அமைதி அதைத் தணிக்கிறது.

பர்மாவில் வாழ்ந்த இந்திய வணிகர் கோயங்கா கடும் ஒற்றைத் தலைவலியால் வருந்தியவர். 1955இல் ரங்கூனில் தியான ஆசான் ஊ பா கின்னை அவர் நாடியபோது, தலைவலியைப் போக்க மட்டும் வருவதானால் வரவேண்டா என்று ஆசான் முதலில் மறுத்தாராம். அப்பயிற்சியையே கோயங்கா 1969 முதல் இந்தியாவில் பரப்பினார். ஆசானின் மறுப்பில் ஓர் உண்மை உண்டு: வலி போயிற்றா, போயிற்றா என்று பார்த்திருப்பவர் வலிக்கே காவல் இருக்கிறார்.

எளிய பயிற்சி ஒன்று சொல்வோம். படுத்தோ சாய்ந்தோ கண்களை மூடி, மூச்சின் போக்கைச் சற்று நேரம் கவனிப்போம். பின்னர் ஊர் ஆற்றங்கரையை நினைவில் கொணர்வோம். படித்துறையின் ஈரம் உள்ளங்காலில் படட்டும். தண்ணீரின் குளிர்ச்சி கணுக்காலிலிருந்து முழங்காலுக்கு ஏறட்டும். துணி துவைக்கும் ஓசையும் ஈரமண்ணின் வாசனையும் வரட்டும். அக்குளிர்ச்சி நோகும் இடத்தைத் தொட்டுச் செல்வதாகப் பாவிப்போம். மனம் வலியிடம் ஓடினால் கடிந்துகொள்ளாது மீட்டு வருவோம். நாள்தோறும் கால் மணி நேரம் போதும்.

ஊர் நினைவு சிலருக்குக் கண்ணீரைக் கொணரும். அவர்கள் அதனை விடுத்து, இப்போது வாழும் இடத்தின் நர்மதைக் கரையையோ ஹூக்ளித் துறையையோ நினைக்கலாம். மனம் இளைப்பாறும் இடமே வேண்டும். அது பிறந்த ஊராகத்தான் இருக்கவேண்டும் என்பதில்லை.

இது மருந்துக்கு மாற்றன்று. புதிய வலியோ, வலியுடன் காய்ச்சலோ, கால் மரத்துப்போதலோ கண்டால் மருத்துவரிடம் செல்வதே முறை. மருந்தை நாமே நிறுத்தலாகாது. வலி முற்றும் நீங்காமற் போகலாம். எனினும் தனித்துக் கிடக்கும் அந்த நள்ளிரவில், அச்சத்தின் பங்கையேனும் நாம் குறைத்துக்கொள்ள இயலும்.