கட்டவிழ்க்கும் புரதங்கள்

கட்டிவைத்த ஏட்டை அவிழ்க்காமல் வாசித்தல் கூடுமோ? பாண் மாவைப் பொங்கச் செய்யும் மதுவத்தின் கலத்துள் ஏறத்தாழ 6,000 பரம்பரையலகுகள் உள்ளன. அவற்றைத் தாங்கும் டி.என்.ஏ. இழை, இசுத்தோன் என்னும் புரதங்களாலாய உருளைகளிற் சுற்றிக் கட்டப்பட்டிருக்கின்றது. கட்டினுள் மறைந்த கட்டளையைப் படியெடுத்தல் அரிது.

1984ஆம் ஆண்டில் மரியன் கார்ல்சனும் உடனாய்வாளரும், சீனியைப் பயன்படுத்த இயலாத மதுவ வகைகள் சிலவற்றை ஆராய்ந்தனர். சீனியைப் பிரிக்கும் நொதியத்துக்குரிய பரம்பரையலகு பழுதின்றியே இருந்தது. அதனை இயக்குவிக்கும் வேறு அலகுகளே கெட்டிருந்தன. அவற்றுட் சில ஆக்கும் புரதங்கள் ஒன்றுகூடி, சுவி–சினஃப் என்னும் தொகுதியாய் அமைதல் பின்னர் தெளிவாயிற்று. அத்தொகுதி ஏ.ரி.பி. தரும் சத்தியைச் செலவிட்டு உருளைகளை நகர்த்தியும் அகற்றியும் வழி திறக்கின்றது.

இதனையொத்த தொகுதிகள் மனிதர் கலங்களிலும் உள. புற்றுநோய்களில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கில் அவற்றிற்குரிய அலகுகள் பழுதுற்றிருக்கின்றன. ஆதலால், சீனியுண்ணாத மதுவத்தைப் பற்றிய ஆராய்ச்சி இன்று நோயாராய்ச்சிக்கும் வழிகாட்டுகின்றது.