வானத்துக் கைகாட்டி

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

ஆண்டுதோறும் இம்மேடையில் இலக்கியம் பேசுவோர் உளர். இசை பாடுவோர் உளர். இவ்வாண்டு விமானப் பாதுகாப்புக் கருவிகளைப் பற்றிப் பேசுமாறு செயலாளர் அவர்கள் எம்மைப் பணித்தார்கள். யாமோ ரயில்வேயில் எழுத்தராகப் பணிபுரிகின்றோம். பத்தாம் வகுப்போடு எம் படிப்பு முற்றுப்பெற்றது. தண்டவாளத்தில் உருளும் வண்டிக்குக் கணக்கெழுதுவோர்க்கு வானில் பறக்கும் ஊர்தியைப் பற்றிப் பேச என்ன உரிமை என்று நீங்கள் வினவலாம். அவ்வுரிமையை எமக்கு அளித்தவர் நம் குடியிருப்பில் வாழும் மூதாட்டியார் ஒருவர்.

அவர்தம் பேத்திக்கு மதுரையில் திருமணம் உறுதியாயிற்று. இரவும் பகலும் ரயிலில் அமர்ந்து செல்ல அவர் முழங்கால் இடங்கொடாது. விமானத்தில் செல்லலாமென்று மகன் கூறினார். ஆயின் 2025 ஜூன் 12ஆம் நாள் அகமதாபாத்தில் நிகழ்ந்த பெருவிபத்தைத் தொலைக்காட்சியில் கண்டது முதல், விமானம் என்ற சொல்லே அவருக்கு அச்சமூட்டுவதாயிற்று. ஒருநாள் மாலை, மொட்டைமாடியில் துணி எடுக்க வந்தவர், ஷம்ஷாபாத் பக்கம் இறங்கும் விமான விளக்கைக் காட்டி எம்மை வினவினார்: "தம்பி, நீங்கள் ரயில்வேக்காரர். ரயிலுக்குத் தண்டவாளம் உண்டு, சிக்னல் உண்டு. வானத்திலே போகிற அதற்கு என்ன உண்டு?"

எம்மால் அன்று விடை கூற இயலவில்லை. பல மாதங்கள் நூல்களைப் புரட்டியும், அத்துறையில் பணிபுரியும் நம் சங்கத்து இளைஞர்களைக் கேட்டும் அறிந்தவற்றையே இன்று உங்கள்முன் வைக்கின்றோம்.

முதற்கண், தண்டவாளம். வானத்திலும் பாதை உண்டு. பெயரும் எண்ணும் இடப்பெற்ற வழிகள் அங்கே உள்ளன. அவை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டவை. பொதுவாகக் கிழக்கு நோக்கிச் செல்லும் விமானங்கள் ஒற்றைப்படை ஆயிரம் அடிகளிலும், மேற்கு நோக்கிச் செல்வன இரட்டைப்படை ஆயிரம் அடிகளிலும் பறக்கும். எதிரெதிரே வருவனவற்றிற்கிடையே ஆயிரம் அடி இடைவெளி இருத்தல் வேண்டும். இரட்டைத் தடத்தில் போகும் வண்டிக்கு ஒன்று, வரும் வண்டிக்கு ஒன்று என நாம் வைத்திருப்பதைப் போன்றதே இது.

ஆனால் தண்டவாளம் வண்டியைத் தானே பிடித்துக்கொள்ளும். வானத்து வழியோ பிடித்துக்கொள்ளாது. அவ்வழியில் நிலைத்து நிற்பது விமானியின் கண்ணையும் கருவியையும் பொறுத்தது. இக்குறை எத்துணைக் கொடியது என்பதை நம் நாடு 1996 நவம்பர் 12ஆம் நாள் மாலையில் கண்டது. தில்லியினின்று புறப்பட்ட சவூதி நாட்டு போயிங் விமானம் 14,000 அடிக்கு ஏறுமாறு பணிக்கப்பெற்றது. தில்லியை நோக்கி வந்த கசகஸ்தான் நாட்டு இல்யூஷின் விமானம் 15,000 அடியில் நிற்குமாறு பணிக்கப்பெற்றது. பின்னது அவ்வளவில் நில்லாது கீழிறங்கியது. அரியானா மாநிலத்துச் சர்க்கி தாத்ரி ஊருக்கு மேலே இரண்டும் மோதின. 349 பேரும் மாண்டனர். உயிர் தப்பியவர் ஒருவருமிலர்.

அக்காலத்துத் தில்லி ரேடார், விமானம் எங்கே இருக்கின்றது என்பதைக் காட்டும்; எவ்வளவு உயரத்தில் இருக்கின்றது என்பதைக் காட்டாது. வருவதற்கும் போவதற்கும் ஒரே வழி. இரு விமானங்களிலும் ஒன்றையொன்று அறியும் கருவி இல்லை. ஆக, விமானி சொன்ன உயரம் ஒன்றையே நம்பி அத்தனை உயிரும் தொங்கின. நீதிபதி லகோட்டி அவர்களின் விசாரணைக்குப் பின்னர், வரும் வழியும் போகும் வழியும் பிரிக்கப்பட்டன. உயரமும் காட்டும் ரேடார் வந்தது. நம் வான்வெளியில் பறக்கும் பெரிய பயணி விமானங்களில் மோதல் தவிர்ப்புக் கருவி கட்டாயமாக்கப்பட்டது.

அக்கருவி யாது செய்கின்றது? ஒரு விமானம் நொடிக்கொரு முறையளவில் "அருகில் யார்?" என்று வானொலி அலையால் வினவுகின்றது. மற்றொரு விமானத்திலுள்ள கருவி தன் உயரத்தைக் குறித்து விடையளிக்கின்றது. விடை வந்து சேரும் நேரத்தைக் கொண்டு தொலைவு கணிக்கப்படும். எத்தனை கல் தொலைவு என்பதைக் காட்டிலும், சந்திக்க எத்தனை நொடி உள்ளது என்பதே தலையாய வினா. இந்த அரிய சிந்தனையை 1950களில் வகுத்துத் தந்தவர் அமெரிக்காவின் பெண்டிக்ஸ் நிறுவனத்து ஜான் மொரெல் என்பார். உயரத்திற்கேற்ப 20 முதல் 48 நொடிக்கு முன் கருவி முதலில் எச்சரிக்கும். ஆபத்து நீங்காவிடின், 15 முதல் 35 நொடிக்கு முன் கட்டளையிடும். இரு விமானங்களின் கருவிகளும் தம்முள் பேசிக்கொண்டு, ஒன்று "ஏறு" என்றால் மற்றொன்று "இறங்கு" என்று தத்தம் விமானிக்குக் குரல் கொடுக்கும். இதுவே வானத்துக் கைகாட்டி.

கருவி வந்தது, கவலை தீர்ந்ததா? தீரவில்லை. 2002 ஜூலை முதல் நாள் இரவு, ஜெர்மனியின் ஊபர்லிங்கன் ஊருக்கு மேலே, இக்கருவி பூண்ட இரண்டு விமானங்கள் மோதின. ரஷ்யப் பயணி விமானத்துக்குக் கருவி "ஏறு" என்றது. தரையிலிருந்த கட்டுப்பாட்டு அதிகாரியோ "இறங்கு" என்றார். அவ்விரவில் அவர் தனியாகப் பணியிலிருந்தார். தரையின் எச்சரிக்கைக் கருவியும் பழுதுபார்ப்பில் இருந்தது. விமானி மனிதர் சொல்லைக் கேட்டு இறங்கினார். எதிரே வந்த சரக்கு விமானம் தன் கருவி சொன்னவாறே இறங்கிக்கொண்டிருந்தது. 71 பேர் மாண்டனர்; அவருள் 52 பேர் குழந்தைகள். இரு கட்டளைகள் முரண்பட்டால் கருவியின் கட்டளைக்கே முதலிடம் என்னும் விதி அதன்பின் உலகெங்கும் ஐயமின்றித் தெளிவாக்கப்பட்டது.

அங்ஙனமாயின் கருவியையே முழுதும் நம்பிவிடலாமோ என்று கேட்பீர்கள். அதற்கும் ஒரு விடை உண்டு. அது கசப்பான விடை. போயிங் நிறுவனத்தின் 737 மேக்ஸ் விமானத்தில், மூக்கு மிக உயர்ந்தால் தானே அதனைத் தாழ்த்தும் ஏற்பாடு ஒன்றைச் சேர்த்தனர். காற்றின் கோணத்தை அளக்கும் உணர்கருவிகள் விமானத்தில் இரண்டு இருந்தன. ஆயினும் அவ்வேற்பாடு ஒரு நேரத்தில் ஒன்றன் சொல்லையே கேட்டது. அவ்வொன்று பொய் சொன்னபோது விமானத்தின் மூக்கை மீண்டும் மீண்டும் கீழே தள்ளியது. 2018 அக்டோபரில் இந்தோனேசியாவிலும் 2019 மார்ச்சில் எத்தியோப்பியாவிலுமாக 346 பேர் உயிரிழந்தனர். உலகெங்கும் அவ்விமானங்கள் தரையிறக்கப்பட்டன. இரு உணர்கருவிகளையும் ஒப்பிட்டு, அவை முரண்பட்டால் ஒதுங்கிக்கொள்ளுமாறு ஏற்பாட்டைத் திருத்திய பின்னரே அவை மீண்டும் பறந்தன.

அன்பர்களே, இம்மூன்று துயரங்களையும் அடுத்தடுத்து எண்ணிப் பார்த்தபோது எமக்கு ஓர் உண்மை புலனாயிற்று. முதலாவதில் மனிதர் சொல்லைச் சரிபார்க்கக் கருவி இல்லை. இரண்டாவதில் கருவி இருந்தும் அதன் சொல் ஏற்கப்படவில்லை. மூன்றாவதில் கருவியின் சொல்லைச் சரிபார்க்க மற்றொரு கருவி கேட்கப்படவில்லை. ஒற்றைச் சாட்சியை நம்பிய இடத்திலெல்லாம் உயிர் போயிற்று.

நம் நாட்டு அறிஞர்கள் இவ்வுண்மையை நன்கு உணர்ந்திருக்கின்றனர் என்பதற்குச் சான்று 'ககன்' என்னும் அமைப்பு. செயற்கைக்கோள்கள் அனுப்பும் அலையைக் கொண்டு இடமறியும் முறையை இன்று கைப்பேசியிலேயே காண்கின்றோம். ஆயின் அவ்வலை வானின் மேலடுக்கில் மின்னூட்டம் பெற்ற மண்டலத்தைக் கடக்கையில் சிறிது தாமதப்படும். நிலநடுக்கோட்டை அடுத்த நம் நாட்டின் மேலே அம்மண்டலத்தின் கொந்தளிப்பு மிகுதி. தெருவில் வழி தேட அப்பிழை பொருட்டன்று. ஓடுபாதையில் இறங்குவோர்க்கு அது பெரும்பிழை. ஆதலின் இஸ்ரோவும் விமான நிலையங்கள் ஆணையமும் இணைந்து, திருவனந்தபுரம் முதல் ஜம்மு வரையும், போர்பந்தர் முதல் திப்ருகர் வரையும், போர்ட் பிளேரிலுமாக 15 நிலையங்களை நிறுவின. ஒவ்வொரு நிலையமும் தான் இருக்கும் இடத்தைத் துல்லியமாக அறியும். ஆகவே செயற்கைக்கோள் சொல்வதில் எவ்வளவு பிழை என்பதையும் அறியும். அப்பிழைகளைத் தொகுத்து, ஜிசாட் செயற்கைக்கோள்கள் வழியாக விமானங்களுக்குத் திருத்தம் அனுப்பப்படும். நம்பத்தகாத நிலை நேர்ந்தால் அதுவும் சில நொடிகளில் அறிவிக்கப்படும். இவ்வமைப்பு 2013 டிசம்பரிலும் 2015 ஏப்ரலிலும் சான்று பெற்றது. 2022 ஏப்ரல் 28ஆம் நாள், அஜ்மீரை அடுத்த கிஷன்கர் நிலையத்தில் இண்டிகோ நிறுவனத்தின் ஏ.டி.ஆர். விமானம் ககன் துணைகொண்டு இறங்கியது. விலைமிக்க தரைக்கருவிகளை நிறுவ இயலாத சிற்றூர் விமான நிலையங்களுக்கு இஃது ஓர் வரப்பிரசாதம்.

இனி எம் வீட்டுக் கதைக்கு வருவோம். ஒற்றைத் தடத்தில் நெடுங்காலமாக வழங்கிவந்த டோக்கன் முறையைப் பெரியோர் அறிவர். பிரம்பு வளையத்தில் பையும், பைக்குள் இரும்பு உருண்டையும் இருக்கும். அவ்வுருண்டை கைக்கு வந்தாலன்றி ஓட்டுநர் வண்டியை நகர்த்தலாகாது. ஒரு நிலைய அதிபர் தாமாக அதனைக் கருவியினின்று எடுக்கவும் இயலாது. அடுத்த நிலைய அதிபரும் இசைந்து இயக்கினாலே அது வெளிவரும். இருவர் இசைவின்றி ஒரு வண்டி இல்லை. வானத்தில் இன்று மின்னணுவால் செய்வதை நம் முன்னோர் தரையில் இரும்பால் செய்தனர்.

வானம் கற்ற பாடத்தைத் தரையும் திரும்பக் கற்றது. ரயில்வேயின் 'கவச்' பாதுகாப்பு முறைக்குத் தொடக்கத்தில் இட்ட பெயரே ரயில் மோதல் தவிர்ப்பு முறை என்பதாகும். பயணி வண்டிகளில் அதன் சோதனை 2016 பிப்ரவரியில் தொடங்கியது. எங்கே தெரியுமா? நம் கொண்டாப்பூருக்கு அண்மையிலுள்ள லிங்கம்பள்ளியினின்று விகாராபாத் வழியாக வாடி செல்லும் தடத்தில்! 2022 மார்ச் 4ஆம் நாள் குல்லகூடாவுக்கும் சிட்கிட்டாவுக்கும் இடையே, ஒரே தடத்தில் இரண்டு என்ஜின்களை எதிரெதிரே விட்டுச் சோதித்தனர். ஒன்றில் ரயில்வே அமைச்சர், மற்றொன்றில் ரயில்வே வாரியத் தலைவர். ஓட்டுநர் கைவைக்காமலே, 380 மீட்டர் தொலைவில் என்ஜின் தானே நின்றது.

இளைஞர்களுக்கு ஒரு சொல். மாதாப்பூரிலும் கச்சிபௌலியிலும் நீங்கள் எழுதும் நிரல்களுள் சில, விமானத்திலும் ரயிலிலும் ஓடுவன. யாம் பணியிற் சேர்ந்த புதிதில், சரக்குக் கணக்கில் 216 என்பதற்கு 261 என எழுதிவிட்டோம். மூத்த எழுத்தர் சிவப்புப் பென்சிலால் அதனைச் சுழித்தார். எம்மை நம்பவில்லையே என்று மனம் கறுத்தோம். அவர் சிரித்து, "உன்னை நம்பாமல் இல்லையப்பா, கையைத்தான் நம்பவில்லை" என்றார். எம் பிழையால் நேரக்கூடியது சில நூறு ரூபாய் இழப்பு. உங்கள் பிழையால் நேரக்கூடியது அதுவன்று. ஆகவே உங்கள் வேலையைச் சரிபார்க்க ஒருவர் வந்தால் முகம் சுளியாதீர்கள். எவரும் வாராவிடின் நீங்களே அழைத்துக் காட்டுங்கள்.

இவற்றையெல்லாம் அம்மூதாட்டியாரிடம் எடுத்துரைத்தோம். பொறுமையாகக் கேட்டவர், "அப்படியானால் இனி விபத்தே வராதா, தம்பி?" என்றார். வாராது என்று சொல்ல எமக்கு நா எழவில்லை. "அப்படிச் சொல்பவரை நம்பாதீர்கள் அம்மா. ஆனால் உங்கள் உயிர் அங்கே ஒருவர் கையில் மட்டும் இல்லை. இரு விமானிகள், தரையில் ஒருவர், இவர்களையெல்லாம் கண்காணிக்கும் கருவிகள் என்று பலர் காவல் இருக்கின்றார்கள். நேர்ந்த ஒவ்வொரு விபத்தும் அக்காவலில் ஒரு பூட்டைக் கூட்டியிருக்கின்றது" என்றோம்.

சிறிது நேரம் வானத்தையே பார்த்திருந்தார். பின்னர், "சரி, டிக்கெட் எடுக்கச் சொல்லுகிறேன். ஜன்னல் ஓரம் மட்டும் வேண்டாம்" என்றார்.

அவர் சென்று, திருமணம் கண்டு, நலமே திரும்பினார். இதோ முன்வரிசையில் அமர்ந்து புன்னகை புரிகின்றார். அவர் கேட்ட கேள்விக்கு எம் நன்றி.