காலையில் சர்க்கரை ஏறுவது ஏன்? மறைக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள்!

(தொழிலாளர் குடும்பங்களுக்கான ஞாயிறு சந்திப்பில் வழக்கறிஞர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வழக்கமாக நான் மேடையேறினால் சட்டம் பேசுவேன். அடையாள அட்டை, வேலை நீக்கம், வீட்டைக் காலி செய்யச் சொல்லும் நோட்டீஸ், போலீஸ் காவல் என்று ஏதாவது ஒன்று இருக்கும். இன்று காலையில் ஏறி நிற்கும் சர்க்கரையைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். வக்கீலுக்கும் இனிப்பு நீருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். எனக்கே இனிப்பு நீர் இருக்கிறது. அதுதான் முதல் சம்பந்தம்.

இரண்டாவது சம்பந்தம் என் அம்மா.

அம்மா தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர். கிளினிக்குக்குப் போக வேண்டிய தேதி வந்தால், இரண்டு நாட்களுக்கு முன்பே சோற்றை நிறுத்திவிடுவார். வெறும் தே ஓ, இரண்டு பிஸ்கட், அவ்வளவுதான். அன்று காலை இரத்தம் எடுத்தால் சர்க்கரை அளவு அழகாக இருக்கும். புத்தகத்தில் நல்ல நம்பர் எழுதுவார்கள். அம்மா சிரித்துக்கொண்டே வீடு திரும்புவார். இப்படியே பல வருடங்கள் ஓடின. கடைசியில் கால் வீங்கியது, சிறுநீரகம் கெட்டது. வாரத்துக்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம், இரத்தச் சுத்திகரிப்பு நாற்காலியில் படுத்தார். ஒருநாள் கேட்டேன், "ஏம்மா பட்டினி கிடந்து மறைச்சீங்க?" அம்மா சொன்னார், "நம்பர் கூடுனா மிஸ்ஸி ஏசுவாங்கய்யா."

ஏச்சுக்குப் பயந்து உயிரைக் கொடுத்தார் என் அம்மா. இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இல்லை. எனக்கு நோய் வந்தபோது நானும் அதையேதான் செய்தேன் என்பதைச் சொல்லத்தான் வெட்கமாக இருக்கிறது. சட்டம் படித்தவன் நான். காலை அளவு கூடிவிட்டது என்று கிளினிக் தேதியை இரண்டு முறை தள்ளிப் போட்டேன்.

2019-இல் எடுக்கப்பட்ட தேசிய சுகாதார ஆய்வு என்ன சொல்கிறது தெரியுமா? இந்நாட்டில் 18 வயதுக்கு மேற்பட்டவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இரத்தத்தில் சர்க்கரை கூடியிருந்தது. இந்தியர்களிடையே மட்டும் பார்த்தால் அது 31.4 விழுக்காடு! ஏறக்குறைய மூன்று பேரில் ஒருவர். இங்கே ஒரு வரிசையில் பத்து பேர் அமர்ந்திருந்தால், அதில் மூன்று பேர். இது இனிமேலும் தனிப்பட்ட வீட்டுப் பிரச்சினை இல்லை.

சாப்பிடாமலே ஏறுவது எப்படி?

நம் மக்கள் என்னிடம் அதிகமாகக் கேட்கும் கேள்வி இது. "ராத்திரி படுக்கும்போது 7 இருந்தது சார். ஒன்றுமே சாப்பிடவில்லை. காலையில் 10 காட்டுகிறது. மிஷின் கெட்டுப் போச்சா?"

மிஷின் கெடவில்லை. உங்கள் கல்லீரல் வேலை செய்கிறது. நாம் தூங்கும்போதும் மூளைக்கும் இதயத்துக்கும் சர்க்கரை வேண்டும். அதைக் கல்லீரல்தான் சேமிப்பிலிருந்து எடுத்துக் கொடுக்கிறது. விடியற்காலை 3 மணியிலிருந்து 8 மணிக்குள், உடம்பை எழுப்புவதற்காகக் கோர்ட்டிசால், வளர்ச்சி ஹார்மோன் போன்றவை கூடுகின்றன. அவை கூடும்போது கல்லீரல் இன்னும் அதிகமாகச் சர்க்கரையை வெளியே விடும். நோய் இல்லாதவருக்கு உடனே இன்சுலின் சுரந்து அதை அடக்கிவிடும். இரண்டாம் வகை இனிப்பு நீர் உள்ளவருக்கு அந்த இன்சுலின் போதாது, அல்லது சுரந்தாலும் சரியாக வேலை செய்யாது. அதனால்தான் வாயில் ஒரு பருக்கை வைக்காமலே நம்பர் ஏறுகிறது.

ஆகவே அது உங்கள் குற்றம் அல்ல. பட்டினி கிடப்பதும் அதற்கு மருந்தல்ல. இரவுச் சாப்பாட்டை அடியோடு நிறுத்தினாலும் கல்லீரல் தன் வேலையை நிறுத்தாது. மாத்திரை சாப்பிட்டுவிட்டுப் பட்டினி கிடந்தால், இரவில் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கவும் கூடும்.

மூன்று இரவு, ஒன்பது சோதனை

வழக்கில் ஆதாரத்தை மறைக்கும் கட்சிக்காரரை எந்த வக்கீலாலும் காப்பாற்ற முடியாது. டாக்டருக்கும் அதே நிலைதான். ஆகவே ஆதாரத்தைச் சேகரியுங்கள்.

வீட்டில் சோதனைக் கருவி இருந்தால், மூன்று நாட்களுக்கு இப்படிச் செய்யுங்கள். படுக்கப் போகும் முன் ஒரு முறை. விடியற்காலை 2 அல்லது 3 மணிக்கு அலாரம் வைத்து ஒரு முறை. எழுந்தவுடன், தண்ணீர் தவிர வேறெதுவும் குடிக்கும் முன் ஒரு முறை. மொத்தம் ஒன்பது ஸ்டிரிப். காசு செலவாகும், எனக்குத் தெரியும். கண்ட நேரத்தில் குத்திப் பார்த்து வீணாக்குவதைவிட இந்த ஒன்பது உங்களுக்குப் பயன்படும். குத்தும் முன் கையைக் கழுவித் துடையுங்கள். விரலில் பழச்சாறு ஒட்டியிருந்தாலும் பொய் நம்பர் காட்டும்.

மூன்று விதமாகப் பதில் வரலாம்.

முதலாவது: படுக்கும்போது சரி, 3 மணிக்கும் சரி, காலையில் மட்டும் கூடுகிறது. நான் சொன்ன விடியற்காலை ஏற்றம் இதுதான். மருந்தின் அளவையோ நேரத்தையோ டாக்டர் மாற்ற வேண்டியிருக்கும்.

இரண்டாவது: படுக்கும்போதே கூடுதல், இரவு முழுக்க அப்படியே நிற்கிறது. இரவுச் சாப்பாட்டையும் மருந்தையும் பார்க்க வேண்டும்.

மூன்றாவது: 3 மணிக்கு 4-க்கும் கீழே இறங்கியிருக்கிறது. இது ஆபத்து! இன்சுலின் போடுபவர்களுக்கும், கிளிகிளசைட் போன்ற மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் இது நடக்கலாம். இரவில் வியர்த்து நனைவது, கை நடுங்குவது, கெட்ட கனவு, காலையில் தலைவலி ஆகியவை அடையாளங்கள். உடனே மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். 15 நிமிடம் கழித்து மறுபடி சோதியுங்கள். இன்னும் 4-க்குக் கீழே இருந்தால் மீண்டும் குடியுங்கள். மயங்கிக் கிடப்பவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், ஆம்புலன்சைக் கூப்பிடுங்கள். மறுநாளே டாக்டரைப் பாருங்கள்.

இதனால்தான் சொல்கிறேன்: காலையில் கூடிவிட்டது என்று நீங்களாக ஒரு மாத்திரையைக் கூட்டாதீர்கள். இரவில் இறங்கும் ஆளாக நீங்கள் இருந்தால், அந்த ஒரு மாத்திரை உங்களைக் கீழே தள்ளிவிடும். இரத்தத்தில் சர்க்கரை கூடி, வாந்தியும் தாகமும் மயக்கமும் சேர்ந்து வந்தால், தேதிக்காகக் காத்திருக்காதீர்கள். மருத்துவமனைக்குப் போங்கள்.

பொதுவாக வெறும் வயிற்றில் 4.4-லிருந்து 7.0 வரை இருப்பது இலக்கு. வயதானவர்களுக்கும் மற்ற நோய் உள்ளவர்களுக்கும் டாக்டர் வேறு இலக்கு சொல்லலாம். உங்கள் இலக்கு என்ன என்று கேட்டு, புத்தகத்தின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். எச்பிஏ1சி சோதனை எப்போது என்றும் கேளுங்கள். அது கடந்த இரண்டு மூன்று மாதக் கணக்கைச் சொல்லிவிடும். இரண்டு நாள் பட்டினி கிடந்து அதை ஏமாற்ற முடியாது.

நம் வீட்டு இரவுகள்

இப்போது சமையலறைக்கு வருவோம். ஓவர்டைம் முடிந்து வீட்டுக்கு வர மணி ஒன்பதரை. பசி வயிற்றைக் கிள்ளும். ஒரு தட்டு நிறையச் சோறு, பிறகு படுக்கை. தாய்மார்களின் கதை இன்னும் மோசம். எல்லாருக்கும் போட்டுவிட்டு, மிஞ்சியதை வீணாக்காமல் பத்தரை மணிக்குச் சாப்பிடுகிறீர்கள். மிஞ்சுவது பெரும்பாலும் சோறுதான். மீனும் காய்கறியும் முன்பே போய்விடும். அம்மாவுக்கும் ஒரு தட்டை முதலிலேயே எடுத்து வையுங்கள் பிள்ளைகளே!

சுகாதார அமைச்சு சொல்லும் 'சுக்கு-சுக்கு செபாரு' தட்டை நினைவில் வையுங்கள். கால் பங்கு சோறு, கால் பங்கு மீன், கோழி, முட்டை அல்லது பருப்பு, பாதித் தட்டு காய்கறியும் பழமும். முடிந்தால் படுப்பதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பே சாப்பிடுங்கள். நேரமாகிவிட்டால் சோற்றைக் குறையுங்கள். சாப்பிட்ட பிறகு பத்து பதினைந்து நிமிடம் நடங்கள். அடுக்குமாடியின் நடைபாதையே போதும். தே தாரிக், மைலோவுக்குப் பதிலாகத் தே ஓ கொசோங் கேளுங்கள். முதல் வாரம் கசக்கும். நான் குடித்துப் பழகிவிட்டேன்.

இன்சுலின் போடுபவர்கள் ஒரே இடத்தில் குத்தாதீர்கள். அங்கே கட்டி விழுந்தால் மருந்து சரியாக உள்ளே போகாது. மூட்டு வலிக்கு என்று சந்தையில் விற்கும் மாத்திரை, சூரணத்திலும் கவனம் தேவை. பதிவு செய்யப்படாத சில மருந்துகளில் டெக்ஸாமெத்தாசோன் என்ற ஸ்டீராய்டைக் கலப்பது இந்நாட்டில் பலமுறை பிடிபட்டிருக்கிறது. அது சர்க்கரையை ஏற்றிவிடும். டப்பாவில் 'மால்' என்று தொடங்கும் பதிவு எண் இல்லாவிட்டால் வாங்காதீர்கள். ஏற்கெனவே பல நாட்களாகச் சாப்பிட்டு வந்தால், திடீரென்று நிறுத்தாமல் டாக்டரிடம் எடுத்துப் போய்க் காட்டுங்கள்.

வேலை இடத்தில் உங்கள் உரிமை

இனி என் பாடத்துக்கு வருகிறேன். பாதுகாவலர்களாகவும் தொழிற்சாலையிலும் இரவு வேலை செய்யும் தோழர்களே, உங்கள் 'காலை' மதியம் மூன்று மணியாக இருக்கலாம். இதை டாக்டரிடம் சொல்லியிருக்கிறீர்களா? 'காலை ஒன்று, இரவு ஒன்று' என்று எழுதிய மாத்திரையை எந்த நேரத்தில் சாப்பிடுவது என்று கேட்டிருக்கிறீர்களா? ஷிப்ட் அட்டவணையைக் கையோடு கொண்டு போங்கள்.

சாப்பிடவும் சோதிக்கவும் நேரமே தருவதில்லை என்கிறீர்கள். தீபகற்ப மலேசியாவில் 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 60ஏ பிரிவு, தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கினால் இடையில் குறைந்தது 30 நிமிட ஓய்வு தர வேண்டும் என்கிறது. நிறுத்தவே முடியாத தொடர் வேலையாக இருந்தால், எட்டு மணி நேரத்துக்குள் மொத்தம் 45 நிமிடமாவது ஓய்வும், சாப்பிட வாய்ப்பும் தர வேண்டும். இது முதலாளியின் கருணை இல்லை, சட்டம்.

60எஃப் பிரிவின்படி, சம்பளத்தோடு கூடிய நோய் விடுப்பு ஆண்டுக்கு 14 நாள். இரண்டு ஆண்டு வேலை செய்திருந்தால் 18 நாள், ஐந்து ஆண்டானால் 22 நாள். மருத்துவமனையில் தங்க நேர்ந்தால் அதற்குத் தனியாக 60 நாள். 2023 ஜனவரி 1 முதல் இது தனிக்கணக்கு. ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: கிளினிக் தரும் நேரச் சீட்டு வேறு, எம்.சி. வேறு. நேரச் சீட்டைக் காட்டி நோய் விடுப்பு கேட்டால் சம்பளம் வெட்டப்படலாம். தேதியை முன்கூட்டியே எழுத்தில் கொடுத்து வையுங்கள்.

ஷிப்டை மாற்றிக் கேட்கவும் வழி உண்டு. 2023 முதல், வேலை நேரத்தை மாற்றித் தரும்படி 60பி பிரிவின் கீழ் எழுத்து மூலம் விண்ணப்பிக்கலாம். முதலாளி 60 நாட்களுக்குள் எழுத்து மூலம் பதில் தர வேண்டும். மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். கேட்டால் கிடைத்துவிடும் என்று நான் சொல்லவில்லை. கேட்காமல் இருந்தால் கிடைக்கவே கிடைக்காது.

முடிவாக ஒரு வார்த்தை

இரண்டு முறை தேதியைத் தள்ளிப் போட்ட நான் மூன்றாவது முறை போனேன். ஒன்பது நம்பரையும் ஒரு தாளில் எழுதி மேசையில் வைத்தேன். டாக்டர் ஏசவில்லை. தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இரவு மருந்தை மாற்றினார். சில வாரங்களில் என் காலை அளவு இறங்கத் தொடங்கியது. அன்று வெளியே வந்து காரில் உட்கார்ந்து அம்மாவை நினைத்துக்கொண்டேன். இதே தாளை அவரும் வைத்திருக்கலாமே!

யாராவது ஏசினாலும் ஏசட்டும். மரியாதையாகப் பேசுங்கள் என்று சொல்லவும் உங்களுக்கு உரிமை உண்டு. தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் பிள்ளையை அழைத்துப் போங்கள். மலாய் பேசச் சிரமப்படும் அக்கா பக்கத்து வீட்டில் இருந்தால், அவரோடு நீங்கள் போங்கள்.

நாளை காலை உங்கள் கருவி என்ன காட்டினாலும் அதை அப்படியே எழுதுங்கள். அழிக்காதீர்கள், குறைக்காதீர்கள், ஒளிக்காதீர்கள். அந்த நம்பர் உங்களைக் காப்பாற்ற வந்த சாட்சி.